கறுப்பிக்கு ஒரு ஜோடி

பொக்லைனின் வாளி கறுப்புச் சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வந்தபோது, அதிலிருந்து தொங்கிய வேர்க்கொத்தின் நடுவே என்னவோ பளபளத்தது. சப்ரான் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினான். முழங்கால் வரை சேறு. கரையில் குடைக்குள் நின்றிருந்த மேஸ்திரி தோஹிர், "என்னடா, டீசல் தீந்துபோச்சா?" என்று கத்தினான். சப்ரான் வாளியை நோக்கி நடந்தான்.

வாளியில் தொங்கியது குரங்குப்பானைச் செடி. அந்தப் பக்கத்துச் சதுப்புக் காட்டில் அது தரையெல்லாம் கம்பளம்போலக் கிடக்கும். எலுமிச்சம்பழ அளவில் குண்டுகுண்டாகக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீர், அதில் செத்த எறும்பும் உதிர்ந்த இலையும் ஊறிக்கிடக்கும். யாரும் அதைக் குனிந்து பார்ப்பதில்லை. பச்சையாக இருக்கும், பச்சையில் சிவப்புப் புள்ளி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கொத்தில் இருந்த ஐந்து குடுவையும் கறுப்பு. வருடக்கணக்காக விறகடுப்பில் ஏறி இறங்கிய சட்டியின் கறுப்பு. வாய்விளிம்பு மட்டும் வெளுத்த பச்சையில், சுண்ணாம்பால் கோடு இழுத்ததுபோல.

சப்ரான் தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றி, செடியை வேரோடும் சேற்றோடும் அதற்குள் வைத்தான். அன்று முழுக்க வெறுந்தலையோடு வேலை செய்தான். அப்போது அவனுக்கு வயது முப்பத்தேழு. கப்புவாஸ் ஆறு கடலில் சேருகிற இடத்துக்கு மேலே, பாரிட் கெலாடி என்ற ஊரில் வீடு. காட்டுக்குள் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால், அடுத்த வருடம் அங்கே எண்ணெய்ப்பனை நடலாம். அந்தக் கால்வாயை வெட்டுவதுதான் அவன் வேலை.

வீட்டில் அவன் மனைவி மஹ்யூனி ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அந்த ஊரில் அண்ணனையும் புருஷனையும் 'பாங்' என்றுதான் கூப்பிடுவார்கள். "பாங், அவனவன் காட்டுலருந்து மானு கொண்டாறான், தேனு கொண்டாறான். நீ என்னத்தக் கொண்டாந்திருக்க?"

"கறுப்பா இருக்கு பாரு."

"நானுந்தான் கறுப்பா இருக்கேன். என்னை இப்படி ஒருநாள் உத்துப் பாத்திருக்கியா?"

அன்றைக்கே செடிக்குக் கறுப்பி என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தது மஹ்யூனிதான்.

கறுப்பி வந்தபிறகு சப்ரானின் கண் மாறிப்போனது. தினமும் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால், அன்று வெட்டவேண்டிய கோட்டில் ஐம்பது அடி நடந்து பார்த்துவிட்டு வருவான். ஒரே மாதிரி என்று நினைத்திருந்த குரங்குப்பானைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. உடம்பு பச்சையாகவும் உதடு மட்டும் வெற்றிலை போட்டதுபோலச் சிவப்பாகவும் ஒன்று. அதற்கு 'மாமியார் வாய்' என்று பெயர் வைத்தான். கோழிமுட்டைபோல வெளுத்து, தவிட்டுநிறப் புள்ளி போட்டது ஒன்று, அது 'காடை'. இன்னொன்று உள்ளே ரத்தச் சிவப்பு, வெளியே வெள்ளை. மூடி இல்லாமலே வளர்கிற நோஞ்சான் ஒன்றும் இருந்தது. அதற்குத் 'தோஹிரின் தலை' என்று பெயர். மேஸ்திரிக்கு முன்வழுக்கை.

கூட வேலை செய்கிறவர்கள் விடுவார்களா? "சப்ரானு, தினம் காலையில முன்னாடி போயி யாருகிட்ட மன்னிப்புக் கேக்குற? காட்டுகிட்டயா, பேய்ககிட்டயா?" என்பார்கள்.

"உங்க அப்பன் ஆவிகிட்ட. நீ அவருக்குப் பாத்தியா ஓதலையாம், கோவமா இருக்காரு" என்பான் சப்ரான்.

சிரித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவான். ஏறி உட்கார்ந்ததும், தான் நடந்துவந்த அந்த ஐம்பது அடியையும் வாளியால் அள்ளிக் கரையில் போடுவான். மதியத்துக்குள் அது வெறும் பள்ளம். கூலி நல்ல கூலி. மகள் நூர்லைலாவைப் பொந்தியானாக் நகரத்தில் படிக்கவைத்தது அந்தக் கூலிதான். அவன் இதைப்பற்றி அதிகம் யோசிக்கமாட்டான். யோசித்தாலும், 'நான் வெட்டலைன்னா இன்னொருத்தன் வெட்டுவான். அவன் கறுப்பியப் பாத்திருக்கமாட்டான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அது உண்மையும்கூட.

நான்கு வருடத்தில் கொல்லைப்புறத்தில் நாற்பத்தொரு தொட்டிகள் சேர்ந்துவிட்டன. பெரணி வேரை நறுக்கி, கருக்கிய உமியோடு கலந்து, அதில் நடுவான். மேலே நிழல்வலை. கூரையிலிருந்து விழுகிற மழைத்தண்ணீரை மட்டும்தான் ஊற்றுவான். அந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். குடிப்பதற்கு எல்லா வீட்டிலும் தாழிகளில் மழைத்தண்ணீர்தான்.

ஒருமுறை கொசு ஒழிப்புக்காகச் சுகாதார நிலையத்திலிருந்து சுரைதா அக்கா வந்தாள். கையில் டார்ச் லைட்டும் மருந்துப் பொடியும். ஒவ்வொரு குடுவைக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தவள் பத்தாவது தொட்டியில் நிமிர்ந்தாள்.

"சப்ரானு, இது என்னது?"

"செடிக்கா."

"செடின்னு தெரியுது. செடிக்குள்ள தண்ணி. தண்ணிக்குள்ள புழு. ஊரு பூரா தேங்காச்சிரட்டையக் கவுத்துப் போடுங்கன்னு நான் தொண்டை வத்தக் கத்திட்டு வர்றேன். நீ இங்க முந்நூறு சிரட்டையத் தண்ணி ஊத்தி வளக்குற!"

"அந்தப் புழு செடியோட சாப்பாடுக்கா. அதுவே தின்னுடும்."

"தின்ன மிச்சம் றெக்கை மொளச்சு வந்து எங்களத் திங்கும்."

மஹ்யூனி காப்பி கொண்டுவந்து வைத்து, அக்காவின் மருமகள் பிரசவத்தை விசாரித்து, பேச்சை வேறு பக்கம் இழுத்தாள். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. வெள்ளிக்கிழமைதோறும் தொழுகைக்கு முன்னால் சப்ரான் டீ வடிகட்டியால் ஒவ்வொரு குடுவையிலும் புழுவை அள்ளிவிடவேண்டும். அள்ளினான். முந்நூறு குடுவை. இனி டீ வடிக்க அந்த வடிகட்டியைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லி, மஹ்யூனி தனி ஆணி அடித்து அதை மாட்டிவைத்தாள்.

அசுய் வந்தது அதற்குப் பிறகு. பொந்தியானாக் கடைத்தெருவில் பறவைத்தீனி விற்கிற சீனக் கிழவர் அவர்; 'கோ', அதாவது அண்ணன், என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கடைக்கு மேலே மொட்டைமாடி முழுக்கக் குடுவைச் செடிகள். சுராபாயா, போகோர் மாதிரித் தூரத்து நகரங்களிலும் அவரைப்போலச் செடிப் பைத்தியங்கள் உண்டு. பார்சலில் கன்று மாற்றிக்கொள்வார்கள். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுப் படகேறி வந்தார். நாற்பது தொட்டிகளையும் 'ம், ம்' என்று பார்த்துக்கொண்டே வந்தவர், கறுப்பியின் முன்னால் வந்ததும் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். காப்பி ஆறிப்போனது.

"முப்பது வருசமாப் பாக்குறேன். இப்படி ஒண்ணு நான் பாக்கலை" என்றார். "இது பொம்பளையா ஆம்பளையா?"

சப்ரான் சிரித்தான். "கோ அசுய், செடியில ஏது ஆம்பளை பொம்பளை?"

"மத்த செடியில இல்லை. இதுல இருக்கு. ஒரு செடி ஆம்பளைப் பூ மட்டும் பூக்கும். ஒரு செடி பொம்பளைப் பூ மட்டும். பூக்குறவரைக்கும் எவனாலயும் சொல்லமுடியாது. இவ பொம்பளைன்னா இவளுக்கு இதே கறுப்புல ஒரு மாப்பிள்ளை வேணும். ரெண்டுபேரும் ஒரே சமயத்துல பூக்கணும். அப்பத்தான் கறுப்புப் புள்ளைங்க."

"மாப்பிள்ளை கிடைக்கலைன்னா?"

"தண்டை வெட்டி வெட்டிப் பதியன் போடலாம். ஆனா அது அவளேதான், புள்ளை இல்லை. அவளுக்கு ஒரு நோவு வந்தா எல்லாத்துக்கும் வரும்." அசுய் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டார். "எனக்கு ஒரு பதியன் குடு. உன் கொல்லையில ஏதாவது ஆச்சுன்னா என் மாடியில ஒண்ணு இருக்கும்."

சப்ரான் கொடுத்தான். காசு வாங்கவில்லை; அசுய் அடுத்த படகில் செடி நடுவதற்கு ஒரு சாக்கு நிறைய நீர்ப்பாசி அனுப்பினார்.

மறுவருடம் கறுப்பி பூத்தாள். ஒரு முழ நீளக் கதிரில் சின்னச் சின்னப் பச்சைப் பூக்கள். அசுய் வந்து பார்த்து, "பொண்ணுதான்" என்றார். கறுப்பு மாப்பிள்ளைக்கு எங்கே போவது? கறுப்பி கிடைத்த இடத்தில் இப்போது மூன்று வயதுப் பனைகள் வரிசையாக நின்றன. சரி, இருக்கிறதை வைத்துப் பார்ப்போம் என்று பக்கத்தில் பூத்திருந்த காடையின் மகரந்தத்தை எடுத்துத் தடவினான். தூசிபோல விதை வந்தது. தூசி முளைத்து, ஊசிமுனை அளவு குடுவை விட்டு, கடுகாகி, பட்டாணியாகி, நிஜ நிறம் காட்டுவதற்கு நாலு வருடம் ஆனது. அறுபது கன்றும் காய்ந்த இலை நிறத்தில், அழுக்காக, ஒன்றுக்கும் உதவாமல் வந்தன.

"அப்பன் ஜாடை" என்றாள் மஹ்யூனி. அவனைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

அதன்பிறகு கோட்டில் நடக்கிற ஐம்பது அடி நூறானது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனான். போன இடமெல்லாம் பனை. காடு மேற்கே ஒதுங்கிக்கொண்டே போய், கடைசியில் ஆறாம் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு துண்டாக நின்றது. 2013-ல் அந்தத் துண்டின் குறுக்கே ஏழாம் கால்வாய் வெட்டச் சொன்னார்கள். முதல்நாள் நடந்து பார்க்கும்போது, பழைய தீயில் கருகி விழுந்த மரம் ஒன்றின் அருகே, வெயில் நேராக விழுகிற வெட்டவெளியில், சப்ரான் இரண்டு கறுப்புச் செடிகளைப் பார்த்தான். அதே கறுப்பு. அதே வெளுத்த உதடு. அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

தோஹிரிடம் போய், "அண்ணே, ஒரு மாசம் இந்தக் கோட்டை விட்டுட்டு அந்தப் பக்கம் ஆரம்பிக்கலாமா? உள்ள இன்னும் இருக்கும். தேடிப் பாக்கணும்" என்று கேட்டான்.

தோஹிருக்கு இப்போது முழு வழுக்கை. அவனும் கெட்டவன் இல்லை. "சப்ரானு, உனக்காக நான் என் சட்டையக் கழட்டித் தருவேன். இது என் சட்டை இல்லை. எனக்கு மேல ஆளிருக்கான், அவனுக்கு மேல ஆளிருக்கான். மூணு நாள் வண்டி ரிப்பேர்னு எழுதுறேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

மூன்று நாள் சப்ரான் அந்தத் துண்டுக் காட்டைச் சீப்பால் வாருவதுபோலத் தேடினான். அட்டை கடித்துக் கால் வீங்கியது. வேறு கறுப்பு இல்லை. இரண்டையும் தோண்டி எடுத்துக்கொண்டான். நாலாம் நாள் தோஹிர், "வேற ஆளை ஏத்தட்டுமா?" என்று கேட்டான். சப்ரான், "வேணாம், நானே வெட்டுறேன்" என்றான். தான் ஓட்டினால், கண்ணில் ஏதாவது பட்டால் நிறுத்தலாம் அல்லவா? பதினோரு நாள் வெட்டினான். கண்ணில் எதுவும் படவில்லை.

இரண்டில் ஒன்று ஒரு மாதத்தில் அழுகிப்போனது. மற்றது பிழைத்தது. ஆணா பெண்ணா என்று பார்க்க, இரண்டு வருடம் காத்திருந்தார்கள். பக்கத்தில் வைத்த கறுப்பியின் அதே அழகு அதற்கும். 'வாரான் பாரு மாப்பிள்ளை' என்று மஹ்யூனி போகும்போதும் வரும்போதும் சொல்வாள். "பொண்ணாப் போச்சுன்னா நாத்தனார்னு வெச்சுக்க."

2015-ல் மழை நின்றது. ஜூனில் நின்ற மழை ஆகஸ்டிலும் வரவில்லை. கால்வாய்களில் தண்ணீர் இறங்க இறங்கச் சதுப்பு காய்ந்தது. காய்ந்த சதுப்பு என்பது வேறொன்றுமில்லை, கரி. எங்கோ பற்றிய தீ மண்ணுக்கு அடியிலேயே நகர்ந்து நகர்ந்து பத்து மைல் தள்ளிப் புகைந்தது. செப்டம்பரில் பகலிலும் விளக்குப் போட்டார்கள். சூரியன் ஒரு செம்புக்காசுபோலத் தொங்கும், பார்த்தால் கண் கூசாது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் கடல் உள்ளே ஏறியது. கால்வாய் வழியாக உப்புத்தண்ணீர் ஊருக்குள் வந்தது. குளித்தால் உடம்பு பிசுபிசுத்தது.

மஹ்யூனிக்கு முன்பே கொஞ்சம் இழுப்பு உண்டு. அந்தப் புகையில் அவளுக்குப் பத்து அடி நடந்தால் நெஞ்சு விசிலடித்தது. சன்னலுக்கெல்லாம் ஈரத்துணி கட்டி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் ஆறு தாழி மழைத்தண்ணீர் இருந்தது; நான்கு காலியாகிவிட்டது. ஐந்தாவதின் மட்டம் தினமும் அவள் குடித்ததைவிட அதிகமாக இறங்கியதை அவள் கவனித்தாள். ஒருநாள் மதியம் கொல்லைப்புறக் கதவைத் திறந்தபோது சப்ரான் சொம்போடு நின்றான்.

"இது குடிக்கிற தண்ணி பாங்."

"என் பங்குதான். நான் குடிக்கலை. நேத்துலருந்து இளநிதான் குடிக்கிறேன்."

"இளநி குடிக்கிறியா! எனக்கு இங்க மூச்சு முட்டுது, உனக்கு உன் பானைங்களோட தாகந்தான் பெருசாத் தெரியுது. நீ வெட்டுன கால்வாய்லதான உப்புத்தண்ணி வருது? அதையே ஊத்து. உன் செடி குடிக்கட்டும், நீ வெட்டுனதோட ருசி என்னன்னு அதுக்கும் தெரியட்டும்!"

இருபத்தாறு வருட வாழ்க்கையில் அவள் அந்தக் கால்வாய்களைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. சப்ரான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் முதுகைத் தடவினான். அவள் கையைத் தட்டிவிட்டாள். பிறகு தட்டிவிடவில்லை.

நாலு நாள் அவன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. ஐந்தாம் நாள் மஹ்யூனியே சன்னல் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "பாங், மாப்பிள்ளை கதிர் விட்டிருக்கான். வந்து பாரு" என்றாள்.

கதிர் முற்றி முதல் பூ விரிந்தது. நடுவில் குண்டூசித்தலைபோல ஒரு மஞ்சள் உருண்டை. விரலால் தொட்டால் மஞ்சள்பொடி ஒட்டியது. ஆண். சப்ரான் அந்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து காட்டினான். மஹ்யூனி முகத்தில் கட்டியிருந்த துணிக்கு மேலே அவள் கண் சிரித்தது. அதே வாரம் கறுப்பியும் கதிர் விட்டாள். பதின்மூன்று வருடத்தில் எத்தனையோ முறை பூத்தவள், இந்தமுறை எட்டே நாள் பிந்திப் பூத்தாள். அந்த எட்டு நாளும் மகரந்தம் பொட்டலமாகக் குளிர்பெட்டியில் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மஹ்யூனி அதில், 'மீன் இல்லை' என்று எழுதி ஒட்டியிருந்தாள்.

கறுப்பி பூத்த அன்று காலை பத்து மணிக்கு வெளியே அந்திபோல இருந்தது. சாம்பல் விழுந்துகொண்டிருந்தது. சப்ரான் மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு பூவாகத் தடவ, மஹ்யூனி அவனுக்கும் செடிக்கும் சேர்த்துக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். அவனுடைய கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கவனமாக அவன் நின்றதில்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டுக் குடைக்கம்பைப் பிடித்தபடியே மூச்சுக்குத் திணறினாள். அவன் தடவியது பாதிக் கதிர்தான். மீதியை விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போனான்.

பொந்தியானாக் மருத்துவமனையில் பத்தொன்பது நாள். வராந்தாவிலும் கட்டில் போட்டிருந்தார்கள். சப்ரான் பாயில் படுத்துக்கொண்டு ஆக்சிஜன் குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பக்கத்துவீட்டு ஜும்ரி செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லியிருந்தான். நல்ல மனிதன். ஒருநாள் விடாமல் ஊற்றினான். தாழி காலியானதும், வாடுகிறதே என்று கால்வாயிலிருந்து மொண்டு ஊற்றினான்.

திரும்பி வந்தபோது நாற்பத்திமூன்று தொட்டியில் முப்பத்தெட்டு செத்திருந்தன. இலை ஓரமெல்லாம் தீய்ந்து, குடுவைகள் வெற்றிலைச் சருகுபோல மடிந்து கிடந்தன. காடை, மாமியார் வாய், எல்லாம். மாப்பிள்ளையும். கறுப்பியின் தண்டு அடிவரை பழுப்பாகிவிட்டது. காய்ந்த கதிரில் மட்டும் இருபது நெற்று இருந்தது. ஜும்ரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "பாங், நான் தினம் ஊத்துனேனே" என்றான். அழுதுவிடுவான்போல இருந்தது.

"உன் மேல தப்பில்லை" என்றான் சப்ரான். "நான் சொல்லிட்டுப் போகலை."

அசுயின் மாடியிலும் அதே கதைதான். நகரக் குழாயிலும் உப்பு வந்திருந்தது; அவருடைய பதியனும் போயிற்று. கிழவர் சுராபாயாவுக்கும் போகோருக்கும் போன் போட்டார். அவரிடம் கறுப்பியின் பதியன் ஒன்றை வாங்கியிருந்த சுராபாயாக்காரர் செத்து இரண்டு வருடம், அவர் பிள்ளைகள் மாடியைக் கழுவிவிட்டார்கள். போகோர்க்காரர் தன்னிடம் இருப்பதாகச் சொல்லிப் படம் அனுப்பினார். அது வேறு ஏதோ கருஞ்சிவப்பு. ஆக மிஞ்சியது அந்த இருபது நெற்றுதான்.

விதைத்தான். முந்நூறுக்கு மேல் முளைத்தது. டாக்டர், "அம்மா அடுத்த புகைக்கு இங்கே இருக்கக்கூடாது" என்று சொல்லியிருந்தார். பாத்தாம் தீவில் தொழிற்சாலை வேலையில் இருந்த நூர்லைலா அம்மாவைக் கூட்டிப்போக வந்தாள். அப்பாவையும்தான் கூப்பிட்டாள்.

"நாலு வருசம்" என்றான் சப்ரான். "நிறம் வந்ததும் வந்துர்றேன். இப்ப விட்டுட்டு வந்தா இது அத்தனையும் போயிரும்."

மஹ்யூனி கோபப்படவில்லை. "பாதி கல்யாணத்துக்கு நானும் குடை பிடிச்சிருக்கேன். எனக்கும் பாக்கணும்" என்றாள். படகுக்குக் கிளம்பும்போது புழு அள்ளுகிற வடிகட்டியை ஆணியிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். "இது எனக்கு. நீ வேற வாங்கிக்க."

வாரம் இரண்டுமுறை போனில், "நிறம் வந்துச்சா?" என்று கேட்பாள். "இன்னும் இல்லை. மிளகு அளவு ஆயிருக்கு" என்பான். பெருநாளுக்கு மட்டும் போய் ஐந்து நாள் இருந்துவிட்டு, தண்ணீர் ஊற்றவேண்டும் என்று திரும்பிவிடுவான். ஒவ்வொரு தடவையும் அவள் இன்னும் கொஞ்சம் மெலிந்திருந்தாள். 2018 நவம்பரில் நெஞ்சில் சளி கட்டி மூன்றே நாளில் போய்விட்டாள். சப்ரான் இரண்டு படகும் ஒரு விமானமும் மாறிப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. ஈரமண்ணை மட்டும் பார்த்தான். நூர்லைலா அப்பாவோடு அதிகம் பேசவில்லை.

அடுத்த வருடம் மத்தியில் கன்றுகள் நிறம் காட்ட ஆரம்பித்தன. முதல் குடுவை பச்சை. சரி, ஒன்று இரண்டு அப்படி இருக்கும் என்று விட்டான். இரண்டாவதும் பச்சை. பிழைத்திருந்த எழுபதும், ஒன்று பாக்கியில்லாமல், காட்டில் யாரும் குனிந்து பார்க்காத அதே பச்சையும் அங்கங்கே அழுக்குப் புள்ளியும். அசுயைக் கூட்டிவந்து காட்டினான். கிழவருக்குக் கண் மங்கிவிட்டது; செடியை முகத்தருகே தூக்கிப் பார்த்தார்.

"மாப்பிள்ளையை எங்க எடுத்தேன்னு சொன்ன?"

"கருகுன மரத்துப் பக்கத்துல. வெட்டவெளியில."

"நல்ல வெயிலா?"

"நேர் வெயில்."

அசுய் தொட்டியைக் கீழே வைத்தார். "அப்ப அது கறுப்பு இல்லை சப்ரானு. வெயில்ல கறுத்துருக்கு. நம்ம மேலு கறுக்கிற மாதிரி. ரத்தத்துல அவனும் பச்சைதான்."

"என் கொல்லையில நிழல்ல ரெண்டு வருசம் இருந்தானே, வெளுக்கலையே?"

"எங்க நிழல்?" என்றார் அசுய். "அவன் நின்ன மூலையில வலை கிழிஞ்சிருந்துச்சு. நான் பாத்தேன். அப்பச் சொல்லணும்னு நினைச்சேன். உங்க ரெண்டுபேர் முகத்தையும் பாத்துட்டுச் சொல்லலை."

சப்ரான் கீழே இருந்த தொட்டியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான். பிறகு, "அவ இருக்கும்போது சொல்லியிருந்தா நான் பாத்தாம் போயிருப்பேன் கோ" என்றான். குரலில் கோபம் இல்லை. நேரம் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னான். அசுய் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் அதன்பிறகு சந்தித்தார்கள், காப்பி குடித்தார்கள், ஆனால் செடி பேசவில்லை.

அந்த ஆகஸ்டிலேயே மறுபடியும் புகை வந்தது.

இப்போது பொந்தியானாக் ஞாயிற்றுச் சந்தையில் கறுப்புக் குரங்குப்பானை கிடைக்கிறது. யாரோ எங்கோ ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிப் புட்டியில் ஆயிரக்கணக்கில் பெருக்கியது. சப்ரான் ஒருமுறை போய்ப் பார்த்தான். வரிசையாக ஐம்பது தொட்டி, ஒன்றுபோல ஒன்று. நல்ல கறுப்புதான், உதடு மட்டும் சிவப்பு. விற்கிற பெண் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "எடுத்துக்கங்க ஐயா, வளக்குறது ரொம்ப ஈஸி. எல்லார் வீட்லயும் இருக்கு" என்றாள். "அப்படியா, நல்லது" என்றான். கொஞ்சநேரம் நின்றான். ஒரு தொட்டியில் இலைக்கு அடியில் மாவுப்பூச்சி இருப்பதைக் காட்டி, சோப்புத்தண்ணீரில் துடைக்கச் சொல்லிவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தான்.

அவனுக்கு இப்போது அறுபது. பொக்லைனில் அந்த வயதுக்காரர்களை ஏற்றுவதில்லை. வெட்டுவதற்கும் அந்தப் பக்கம் ஒன்றும் மிச்சமில்லை. பச்சைக் கன்றுகளில் முப்பது இன்னும் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றாவிட்டால் செத்துவிடும் என்பதால் ஊற்றுகிறான். நூர்லைலா மாதம் ஒருமுறை கூப்பிட்டு, இங்கே வந்துவிடுங்கள் என்கிறாள். மழைக்காலம் முடியட்டும், வருகிறேன் என்கிறான். மூன்று வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.